பஸ் மெல்லத்தான் போனதாம்

"விடியப்புறம் அக்கா மோசம் போயிட்டா." சுகிர்தா ரீச்சரின் தங்கை தொலைபேசியில் இந்தச் சாவுச் செய்தியைச் சொன்னபோது நான் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். புற்றுநோய் என்று தெரியும். அழுகைக்கு ஆயத்தமாகத்தான் இருந்தேன். மத்தியானம் பாடசாலை வாசலில் கட்டிய கண்ணீர் அஞ்சலிப் பதாகையின் அடியில் ஒரு பஸ் முதலாளியின் பெயரைக் கண்டேனே, அந்த ஆத்திரத்துக்கு ஆயத்தமாக இருக்கவில்லை. எங்கள் பாடசாலைக்கு அள்ளிக் கொடுப்பவர் அவர். ரீச்சருக்கு அவர் செய்தது உங்களில் பலருக்குத் தெரியாது. ஆகவே எழுதுகிறேன்.

ரீச்சர் பௌதிகவியல் படிப்பித்தவர். மெல்லக் கதைக்கத் தெரியாது. பக்கத்து வகுப்பில் இரசாயனவியல் படிப்பிக்கும் எனக்கு அவருடைய பாடமும் கேட்கும்.

"மேலை எறிஞ்ச பந்து உச்சிக்குப் போனதும் வேகம் என்ன?"

"பூச்சியம், ரீச்சர்."

"ஆர்முடுகல்?"

"அதுவும் பூச்சியம்."

"அப்ப பந்து அங்கையே நிக்க வேணுமே! ஏன் பிள்ளையள் விழுகுது?"

வேகம் வேறு, அந்த வேகம் மாறுகிற வீதமான ஆர்முடுகல் வேறு. ஒன்று பூச்சியமானால் மற்றதும் பூச்சியமாக வேண்டியதில்லை. இது விளங்கும்வரை மணியடித்தாலும் பிள்ளைகளை விடமாட்டார்.

ஒரு நாள் பலாலி வீதியில் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். திருநெல்வேலிச் சந்தையடியில் மயிலிட்டி மீன்காரி புவனமக்கா கூடையோடு இறங்கினார். ஒரு கால் தரையில், மற்றது மிதிபலகையில். பின்னால் போட்டிப் பஸ் வந்துவிட்டது. சாரதி வெடுக்கென்று எடுத்தான். அக்கா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ரீச்சர்தான் ஓட்டோ பிடித்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்.

அந்தப் பஸ்ஸின் முதலாளி, பதாகையில் பெயர் போட்ட அதே ஆள், தன் அலுவலகத்துக்குப் பேச அழைத்தார். அக்காவின் மகனோடு ரீச்சர் சாட்சியாகப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"பஸ் நிண்டு எடுத்தது ரீச்சர். நடக்கிற வேகம்கூட வரேல்லை. உந்த வேகத்திலை ஆர் விழுவினம்? மனிசிக்குத் தலைசுத்து."

"வேகம் குறைவு, ஓம். அது எவ்வளவு கெதியா வந்தது? அதைச் சொல்லுங்கோ."

முதலாளி சிரித்தார். மேசையில் தேத்தண்ணி இருந்தது. ரீச்சர் கோப்பையைத் தட்டத்தில் வைத்து, தட்டத்தை மெல்ல இழுத்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. பிறகு வெடுக்கென்று இழுத்தார். கோப்பை சரிந்து தேத்தண்ணி முதலாளியின் சேட்டெல்லாம் தெறித்தது.

"ரண்டு தரமும் பெரிய வேகமில்லை. ரண்டாந்தரம் அந்த வேகம் ஒரு நொடியிலை வந்தது. ஆர்முடுகல் கூட. அதுதான் ஆளை விழுத்தினது. தலைசுத்து இல்லை."

"வகுப்பைப் பள்ளிக்கூடத்திலை எடுங்கோ" என்று அவர் எழும்பிவிட்டார். அந்தக் குடும்பத்துக்கு வழக்குப் போடத் துணிவு வரவில்லை. சாரதி அடுத்த நாளும் அதே பஸ்ஸை ஓட்டினான்.

அடுத்த தவணை ரீச்சரிடமிருந்து உயர்தர வகுப்பு பறிக்கப்பட்டது. ஆறாம் வகுப்பு விஞ்ஞானம் கொடுத்தார்கள். "உங்களுக்கு ஏன் உந்த வேலை?" என்று பாடசாலை அதிபர் கேட்டார். "நான் கண்டதைச் சொன்னனான் சேர். வேறை மாதிரிக் காணேல்லையே" என்றார் ரீச்சர். நானும் சண்டை பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. புற்றுநோய் படுக்கையில் போடும்வரை அவர் ஆறாம் வகுப்பில்தான் நின்றார். அந்த வருடம் அவருடைய பழைய வகுப்பில் பௌதிகவியலில் தவறிய பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

உடுவிலில் செத்தவீடு. அதிபர் எழும்பி, "அமைதியே உருவானவர்" என்றார். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அப்போது முதலாளி மாலையோடு வந்தார். மூலைக் கதிரையிலிருந்த புவனமக்கா ஊன்றுதடியைப் பிடித்து எழும்பிக் குறுக்கே நின்றார்.

"மாலையைக் கொண்டு போங்கோ தம்பி. அவ கதைக்கேக்கை நீங்கள் எழும்பிப் போனனீங்கள். இப்ப அவ கதைக்க மாட்டா எண்டு துணிஞ்சு வாறியள், என்ன?"

ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. முதலாளி மாலையோடு திரும்பிப் போனார்.

அதிபர் நினைவுக் கூட்டத்தில் என்னையும் பேசக் கேட்டிருக்கிறார். "பழசைக் கிளறாதேங்கோ" என்றும் சொல்லியிருக்கிறார். கிளறப்போகிறேன். ரீச்சரின் படமோ பேனையோ என்னிடம் இல்லை. அவருடைய கோபம் இருக்கிறது. அதை ஆறவிடுவதாக இல்லை.