வந்தது, அனுப்பினேன்

2004 டிசம்பரில் எங்கள் கட்சால் தீவுக்குள் கடல் புகுந்தபோது, வருகிறது என்று சொல்ல நாதி இல்லை. ராஜகுமாரியின் புருஷன் கப்பல் நிற்கும் ஜெட்டியில் மீன் வாங்கிக்கொண்டிருந்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை. கைக்குழந்தை கௌதமும் மாமியார் அழகம்மாவும்தான் மிச்சம். ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்து இரண்டு பேரையும் காப்பாற்றினாள்.

"முன்கூட்டி ஒரே ஒரு வார்த்தை வந்திருந்தா மனுசன் பொழச்சிருப்பாரு" என்று எங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். அதனால் தீவுக்கு செல்போன் டவர் வந்தபோது அவளைப்போல் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை. இனி யாரும் சேதி தெரியாமல் சாகமாட்டார்கள் என்று நம்பினாள். நானும்தான் நம்பினேன்.

டவர் என்னத்தைக் கொண்டுவந்தது? காலை வணக்கம், சாமி படம், கப்பல் கேன்சல் என்று ஒரு புளுகு, கேன்சல் இல்லை என்று இன்னொன்று. முன்பெல்லாம் ஒரு சேதி சொல்ல ஆள் நடந்து வரவேண்டும். "நீ கண்ணால பாத்தியா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்போம். பொய்யென்றால் மறுநாள் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவோம். அந்தப் பயம் இருந்தது. இப்போது விரலால் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டு ஈஸ்வரன் போனை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"அக்கா, சுனாமி வருதாம்! ஜல்தி மேல ஏறுங்க!"

ராஜகுமாரி யோசிக்கவில்லை. அவள் எப்படி யோசிப்பாள்? படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை முதுகில் தூக்கிக்கொண்டு, கொட்டும் மழையில் ரப்பர் மேட்டில் ஏறினாள். நாங்களும் ஏறினோம். கடல் இருந்த இடத்திலேயே இருந்தது. சாயங்காலம் போலீஸ்காரர் ஒருவர் வந்து, எல்லாம் வதந்தி, இறங்குங்கள் என்றார். அதற்குள் கிழவி மரத்தடியில் விறைத்துக் கிடந்தாள்.

ஊர்க்காரர்களின் போன் குரூப்பில் இரங்கல் சொல்லிக் கும்பிடும் படங்கள் வந்து குவிந்தன. அந்தப் புரளியைப் பரப்பியவர்களும் கும்பிட்டிருந்தார்கள்.

காரியங்கள் முடிந்ததும் ராஜகுமாரி ஈஸ்வரன் வாசலில் போய் நின்றாள். நானும் கூடப் போனேன்.

"யாருடா அனுப்புனது?"

"வந்துச்சு, அனுப்புனேன் அக்கா. எனக்கு ரூபாதான் போட்டுச்சு."

தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் ரூபாவிடம் போனோம். அவள் போனை நீட்டினாள். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்களின் குரூப் அது. சுனாமிச் சேதிக்கு மேலே கௌதம் என்று இருந்தது. போர்ட் பிளேரில் வேலை பார்க்கும், ராஜகுமாரி பெற்ற பிள்ளை. அடுத்த நிமிடமே அவன் ஒரு சிரிப்பு வீடியோவும் அனுப்பியிருந்தான்.

அடுத்த கப்பலில் கௌதம் வந்து சேர்ந்தான். பாட்டி படத்தின் முன் விழுந்து அழுதான். பிறகு எழுந்து கத்தினான்.

"எவன்மா அந்த மெசேஜ அனுப்புனது? சொல்லு, அவன நான் சும்மா விடமாட்டேன்."

அது நடிப்பில்லை. சத்தியமாக அவனுக்கு நினைவே இல்லை.

ராஜகுமாரி அவன் தட்டில் சோறு போட்டாள்.

"யாரோ எவனோ, தெரியலப்பா. நீ சாப்பிடு" என்றாள்.