சுற்றுக்கு இவ்வளவு

உதவி பெற்றவர் நன்றி சொல்லலாம், வாழ்த்தலாம், கும்பிடலாம். அவரே கொடுக்க வந்து நின்றால் மட்டும் ஏன் எல்லோருக்கும் சங்கடமாகிவிடுகிறது? வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் சரவெடி பின்னிக்கொண்டிருந்த செல்வலட்சுமியின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது. அவர் அதைக் கேள்வியாக ஒருநாளும் நினைத்ததில்லை.

அவருடைய மகள் எழிலுக்கு ஐந்து வயதானபோது, பக்கத்து வீட்டில் காயப்போட்டிருந்த வெடித்திரி பற்றிக்கொண்டது. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையின் இரண்டு கால்களும் வெந்துபோயின. விருதுநகரில் நன்கொடையில் நடந்துவந்த ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் எழில் மாதக்கணக்கில் கிடந்தாள். காசு வாங்காமல் பார்த்தார்கள். ஆனால் தீக்காயம் பட்ட பிள்ளைகளுக்கென்று அங்கே தனி அறை இல்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வந்த பிள்ளைகளோடு ஒரே கூடம். ஆறிவந்த புண் மறுபடி மறுபடி சீழ் பிடித்தது. கட்டு மாற்றும்போது எழில் போட்ட சத்தத்தில் மற்ற தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். அவர்கள்மேல் செல்வலட்சுமிக்குக் கோபம் இல்லை. “அதுக எங்கன போகும்? ஒரு ரூம் இருந்தா அம்புட்டுப் பேருக்கும் நல்லது” என்பார். எழில் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வீடு வந்து சேர்ந்தாள்.

அந்த அறையைக் கட்டுவதற்கு 2007 மாசியில் சிவகாசியில் ஓர் ஏற்பாடு நடந்தது. விடியற்காலையில் நடை பழகும் வியாபாரிகளின் கழகம் ஒன்று இருந்தது. அதன் செயலாளர் தனுஷ்கோடி, அச்சகமும் பட்டாசுக் கம்பெனியும் வைத்திருந்தவர். அவர் மகன் ஹரிஷ்குமார் ஓர் உடற்பயிற்சிக் கூடம் நடத்தினான். அப்பாவின் கழகமும் மகனின் கூடமும் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் நடை விழா நடத்துவதென்று முடிவாயிற்று. மைதானத்தை ஒருவர் ஒரு சுற்று நடந்தால், அந்தச் சுற்றுக்கு இவ்வளவு என்று கம்பெனிகள் சேர்ந்து மருத்துவமனைக்குக் கொடுக்கும். யார் வேண்டுமானாலும் நடக்கலாம். எத்தனை சுற்று வரை என்று யாரும் வரம்பு வைக்கவில்லை, வைக்கத் தோன்றவில்லை. கழகத்துக்காரர்கள் நாலைந்து சுற்று போனதும் டீக்கடைப் பக்கம் திரும்பிவிடுகிறவர்கள்.

மருத்துவமனையில் விசாரித்துக்கொண்டு தனுஷ்கோடியே காரில் செல்வலட்சுமியின் வீட்டுக்கு வந்தார்.

“நீங்களும் பாப்பாவும் மேடையில உக்காந்தாப் போதும்மா. சனங்க பாத்தாத்தான் மனசு இளகும்.”

“என்னத்தப் பாக்கணும் அண்ணாச்சி? எம் புள்ள காலையா?”

அவருடைய கணவர் முனியராஜ் பதறினார். “ஏ லச்சுமி, வீடு தேடி வந்திருக்காக. பாத்துப் பேசு.”

“பாத்துத்தான் பேசுதேன். மேடையெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. நான் நடக்கேன்.”

“நல்லா நடங்க. ஒரு சுத்து நடந்துட்டு மேடைக்கு வந்துருங்க.”

“நடக்க மட்டுந்தான் வாரேன். சுத்துக்கு இம்புட்டுன்னு சொன்னீகளே, அது எங்களுக்கும் உண்டா?”

“யாரு நடந்தாலும் அதே ரேட்டுதாம்மா” என்று சிரித்தபடி தனுஷ்கோடி காரில் ஏறினார்.

மறுநாள் ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் செல்வலட்சுமி பேச்சை எடுத்தார். உடன் வேலை செய்யும் மூத்தவர் இருளம்மாள் தூக்குச்சட்டியை மூடிக்கொண்டே கேட்டார்: “அவுகளுக்குத் தொப்பை இருக்கு, நடக்காக. நமக்கு என்ன கேடு?”

“ஆஸ்பத்திரிக்குக் கூலி கெடைக்கும் மதினி.”

“நமக்கு?”

“சுத்துக்கு ஒரு ரப்பர் பேண்டு மாட்டிவிடுவாகளாம்.”

“அடி கிறுக்கச்சி” என்றார் இருளம்மாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர் அவர்தான். ஆலையின் பெண்களில் பெரும்பாலோர் வந்தார்கள். எழிலை மட்டும் செல்வலட்சுமி கூட்டி வரவில்லை.

கம்பெனிப் பெயர்கள் அச்சிட்ட பனியன்களைக் கொடுத்தார்கள். களையெடுக்கப் போகும்போது ஆண்களின் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிப் பழகியவர்கள் என்பதால் யாருக்கும் கூச்சம் இல்லை. செருப்புகளை வேப்பமரத்தடியில் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தார்கள். உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர்கள் ஓடிக் கடந்து போனார்கள், ஓடி முடித்தார்கள், உட்கார்ந்தார்கள். வியாபாரிகள் இட்லி சாப்பிடப் போனார்கள். வெயில் ஏறியது. பெண்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்.

ஹரிஷ்குமார் மைக்கில் அறிவித்தான்: “அக்காமார்களே, ப்ரோக்ராம் முடிஞ்சிருச்சு. எல்லாரும் மேடைக்கு வாங்க.”

“ஒனக்கு முடிஞ்சிருச்சு தம்பி, நீ போய்ச் சாப்பிடு” என்று இருளம்மாள் கத்தினார்.

சரவெடி பின்னுகிறவருக்கு நாள் சம்பளம் கிடையாது, பின்னியதற்குத்தான் கூலி. போதும் என்று அவர்களுக்குச் சொல்வது சாயங்காலம் வந்து நிற்கிற வேன் ஒன்றுதான். அந்தப் பெண்கள் மைதானத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். வேகம் காட்டவில்லை, நிற்கவும் இல்லை, ஊர்க்கதை பேசிக்கொண்டு போனார்கள். இதை வீரம் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்குத் தெரிந்த விதத்தில் வேலை செய்தார்கள், அவ்வளவுதான். துணிச்சல் தேவைப்பட்டது அதற்குப் பிறகு.

தனுஷ்கோடி இறங்கி வந்தார். செல்வலட்சுமி நிற்காததால் அவரும் கூடவே நடந்து பேச வேண்டியிருந்தது.

“ஏம்மா, மத்த கம்பெனிக்காரங்க எங்கிட்டக் கேக்காக. இம்புட்டு ஆகும்னு யாரும் நெனைக்கல. ஒண்ணு செய்வோம். ரூமுக்கு வேண்டியதுல ஒரு நல்ல தொகைய நாங்களே தர்மமாக் குடுத்துருதோம். நீங்க நிறுத்திக்கிடுங்க. மேடையில ஒங்களுக்குச் சால்வை போடுதோம்.”

“தர்மம் வேண்டாம் அண்ணாச்சி. கூலியாக் குடுங்க. ஆஸ்பத்திரிக்கே குடுங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானம்மா?”

“ஒண்ணுன்னா கூலியாவே குடுக்கலாமே.”

தனுஷ்கோடிக்கு மூச்சு வாங்கியது. “இந்த வெயில்ல யாராச்சும் மயங்கி விழுந்தா?”

“மத்தியானம் ஆலையில தகரச் செட்டுக்குள்ள உக்காந்து பாத்திருக்கீகளா? இங்கன வேப்பமரம் இருக்கு. காத்து வருது.”

பேசிக்கொண்டே ஒரு சுற்று முடிந்திருந்தது. எல்லைக்கோட்டில் சுற்றுகளை எண்ணிக்கொண்டு நின்றவன் தனுஷ்கோடியின் கையிலும் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிட்டான். பின்னால் வந்த பெண்கள் சிரித்தார்கள். “அண்ணாச்சியும் நம்ம செட்டுத்தான் போல” என்றது ஒரு குரல். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடே அதைச் சொன்னார்:

“சரி, இனிமே நடக்கதுக்கு ரேட்டக் கொஞ்சம் கொறச்சுக்கிடலாமா?”

காலையிலிருந்து நிற்காத செல்வலட்சுமி அப்போது நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். கை வேகமாக ஓடத் தொடங்கினால் கூலி குறையும் என்பது அவர்கள் எல்லோருக்கும் பழகிய விஷயம். ஒவ்வொரு சீசனிலும் அதைக் குனிந்த தலையோடு கேட்டிருக்கிறார்கள்.

“வேல பாதியில ரேட்டக் கொறைக்கது கம்பெனியில, அண்ணாச்சி. அங்க நாங்க ஒண்ணுஞ் சொல்ல முடியாது. சொன்னா நாளைக்கு வேல இருக்காது. இங்க என்ன செய்வீக? யாரு நடந்தாலும் அதே ரேட்டுன்னு எங்க வாசல்ல நின்னு சொன்னீக. இல்லைன்னா இல்லைன்னு அந்த மைக்குல சொல்லுங்க. நாங்க செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிருதோம்.”

மேடையருகே மற்ற முதலாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனுஷ்கோடி வாய்ச்சொல்லை நம்பியே சரக்கு லோடு அனுப்பி வியாபாரம் செய்தவர். அது மட்டுமே அவரை அசைத்ததா, வேறு ஏதாவதா என்று சொல்வதற்கில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நடங்க” என்றார். மேடைக்குப் போய் மகனிடமிருந்து மைக்கை வாங்கி, “சாயங்காலம் வரைக்கும் உண்டு, ரேட்டு அதேதான்” என்று அறிவித்தார். கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்கள் பங்கையும் பின்னால் அவர்தான் வாதாடி வாங்கினார். பெண்கள் சாயங்காலம் வரை நடந்தார்கள். சால்வையை வாங்க யாரும் மேடை ஏறவில்லை.

அடுத்த வருடம் அறை தயாரானது. கல்வெட்டில் கம்பெனிகளின் பெயர்கள் இருந்தன. அதற்காக இருளம்மாள் சத்தம் போட்டார். செல்வலட்சுமி கல்வெட்டை வாசிக்கவில்லை. உள்ளே போய், கதவு சரியாகச் சாத்துகிறதா என்று இழுத்துப் பார்த்தார். வெளிக்கூடத்துக்குச் சத்தம் கேட்கிறதா என்று இருளம்மாளை வெளியே நிறுத்திக் கேட்டார்.

அங்கேதான் தனுஷ்கோடி செல்வலட்சுமியிடம் பேசினார். திருத்தங்கலில் இருந்த தன் அச்சகத்தின் பைண்டிங் பகுதியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், மாதச் சம்பளம், வெடிமருந்து வாடையே கிடையாது. “தர்மம் இல்லம்மா. வேலதான். ஒங்கள மாதிரி ஆள் எனக்கு வேணும்” என்றார். வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். முனியராஜ் அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டார். செல்வலட்சுமி மறுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை நல்ல சேலை கட்டி, சாப்பாடு எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்தார். திருத்தங்கல் போகும் பேருந்துதான் முதலில் வந்தது. அது காலி இருக்கைகளோடு நின்று, ஆள் ஏற்றிக் கிளம்பிப் போகும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பட்டாசு ஆலையின் வேன் வந்தது. அதில் ஏறினார்.

முதலாளியிடம் கடன்படக் கூடாது என்ற ரோஷம் என்றார்கள் சிலர். ஆனால் அது உதவி இல்லை, வேலை. உடன் இருந்த பெண்களை விட்டுப் போக மனமில்லை என்றார்கள் சிலர். அதே வருடம் இருளம்மாளே வேறு வேலைக்குப் போனபோது செல்வலட்சுமிதான் வழியனுப்பினார். எழிலை நினைத்தாவது அச்சகத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று முனியராஜ் பல நாள் சண்டை போட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. செல்வலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையிலும் அந்த வேனில்தான் ஏறினார். ஏன் என்று எவரிடமும் சொல்லவில்லை.