மாசி போடாத வெள்ளிக்கிழம

கத்தரிக்காய் தேங்கெண்ணயில பொரியுற மணம்… அதோட பள்ளி ஸ்பீக்கர்ல வார ஜும்மா பயான் சத்தம்…

இந்த ரெண்டும் சேந்து வந்தா, எனக்கு இப்பவும் கல்முனைக்குடியில இருந்த எங்கட குசினிதான் கண்ணுக்குள்ள வரும்.

யுத்தம் முடிஞ்ச வருஷம் அது. சுனாமியில வீடு போய், சொந்தக்காரர் வீடு, கொட்டில் எண்டு அலைஞ்சு, கடைசியில கடல விட்டுத் தள்ளி ஒரு ஸ்கீம் வீடு கிடைச்சிருந்திச்சு. புதுப் பெயின்ட் மணம் போகல்ல. பின்னேரத்தில காத்து வந்தா வாசல் திரை ஊதிக்கொண்டு நிக்கும்… வெடிச்சத்தம் இல்லாத பின்னேரம் எங்களுக்குப் புதுசு. எல்லாம் அரைத் தூக்கத்தில பாக்கிற மாதிரி இருக்கும்.

வீட்டில உம்மா, வாப்பா, எனக்கு மூத்த ராத்தா, நான். தம்பியக் கடல் கொண்டு போயிட்டு.

கடல்ல அவ்வளவு சனம் போன அந்த நேரம் ஊரே மீன் தின்னல்லதானே. பிறகு மெல்ல மெல்ல எல்லாரும் திரும்பினாங்க. உம்மா மட்டும் திரும்பல்ல. மீன விட்டா, பிறகு இறைச்சி, கோழி, முட்டை எல்லாத்தையும் விட்டா.

"உசிர் போன ஒண்டும் எனக்கு வேணாம் புள்ள."

வாப்பாவோ… பஸாரில புடவக் கடையில நிண்டாலும் நெஞ்சு முழுக்க மீன்தான். மீனில்லாட்டி சோறு தொண்டையால இறங்காது அந்த மனிசனுக்கு.

நடுவில மாட்டிக்கொண்டது ராத்தா.

வியாழன் பின்னேரம் கீரை ஆயக்குள்ள, அடுத்த கிழமைக்கு என்ன ஆக்கிறதெண்டு வாயாலயே திட்டம் போடுவா. சனிக்கு வாப்பாக்குக் கீரிமீன், உம்மாக்குப் பூசணிக்காய்ப் பாலாணம். ஞாயிறு கோழி, உம்மாக்கு சோயாமீட்… (அத ஒரு வாய் திண்டிட்டு உம்மா, "இதென்னடி செருப்புத் தோல்" எண்டு தள்ளி வெச்சா. எனக்குச் சிரிப்பு அடக்க ஏலல்ல.) மீன் வெளியடுப்பில, மரக்கறி உள்ளடுப்பில. சட்டியும் வேற, அகப்பையும் வேற.

எல்லாம் சரி. ஆனா வெள்ளிக்கிழம?

முந்தியெல்லாம் ஜும்மா முடிஞ்சு வாப்பா வந்தா, பாய் விரிச்சு, நடுவில சஹன் வெப்போம். அந்தப் பெரிய தட்டுச் சோத்தச் சுத்தி இருந்து எல்லாரும் ஒண்டாத் திங்கிறது. உம்மா தன்ட பக்கத்தில இருந்த நல்ல துண்டயெல்லாம் மத்த ஆக்கள்ட பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பா. கடலுக்குப் பிறகு உம்மா சஹனுக்கு வரவே இல்ல. குசினிக்குள்ள தனிய, ஒரு சின்னக் கோப்பையோட… எங்களுக்கு இங்க சோறு உள்ளுக்குப் போகாது. உம்மாவத் திரும்ப அந்தப் பாயில இருத்தோணும். ராத்தாக்கு வேற ஆசையே இல்ல.

சட்டிய ரெண்டாக்கலாம். சஹன எப்பிடி ரெண்டாக்கிற?

ராத்தாவோட தையல் பழகின வசந்தி அக்கா, பக்கத்து ஊர்ப் பாண்டிருப்புத் தமிழ் ஆள், ஒருநாள் வந்து கதைச்சுக்கொண்டு இருக்கக்குள்ள சொன்னா, "வெள்ளி எண்டா எங்கட வீட்டில மரக்கறிதான். நீங்களும் ஒருக்கா அப்பிடி ஆக்கிப் பாருங்களன்."

வெள்ளிக்கிழம எங்கட தெருவில எந்த வீட்டில இறைச்சி மணக்காம இருந்திருக்கு? ராத்தா பயந்து பயந்து வாப்பாட்டச் சொன்னா.

"மரக்கறியா? நான் பள்ளிக்குப் போறனா, கோயிலுக்குப் போறனா?" எண்டார் வாப்பா. பிறகு குசினிக் கதவக் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு இருந்தார்.

"சரி. ஆக்குங்க."

அந்த வெள்ளி உம்மா வந்தா. பாயில இருந்தா. நாங்க ஆரும் சோத்தில கை வெக்கல்ல. கீரைச் சுண்டல்ல கொஞ்சம் சோத்தோட பிசைஞ்சு வாயில வெச்சா…

"மாசி" எண்டா. எழும்பிப் போயிட்டா.

அப்பதான் எங்களுக்கு உறைச்சிச்சு. மாசியும் காஞ்ச மீன்தானே, ஆனா அத நாங்க எப்ப மீனெண்டு நெனச்சம்? உப்பு மாதிரித்தானே அது. சுண்டலா, சம்பலா, பருப்பா… மாசிப் போத்தலுக்குக் கை தன்னால போகும். "அல்லாஹ்வே, என்ட கை!" எண்டு ராத்தா தலையில அடிச்சு அழுதா. சோறு அப்பிடியே ஆறிப் போச்சு.

அடுத்த வெள்ளி ஜும்மாக்கு வெளிக்கிடக்குள்ள, வாப்பா அந்த மாசிப் போத்தல எடுத்துக்கொண்டு போய் பக்கத்து வீட்டில குடுத்திட்டார். கறி இல்லாத நாளையில மாசிச் சம்பலோடயே ஒரு கோப்பை சோறு திங்கிற மனிசன்!

உம்மா குசினிக்குள்ள வந்து சுவர்த் தட்டப் பாத்தா. போத்தல் இருந்த இடத்தில ஒரு வட்ட அடையாளம் மட்டும்.

"எங்க?"

"வாப்பா குடுத்திட்டார்."

உம்மா கத்தரிக்காய எடுத்தா. மீன் வெட்டுற மாதிரியே தடிப்பா வெட்டி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிரட்டி, தானே பொரிச்சா. கொண்டு வந்து சஹன்ல வெச்சிட்டு, எங்களோட இருந்தா. இருக்கிறதில பெரிய துண்ட எடுத்து வாப்பாட பக்கம் தள்ளினா.

"மீனெண்டு நெனச்சுத் தின்னுங்க."

கடலுக்குப் பிறகு உம்மா விட்ட முதல் பகிடி அது.

வாப்பா சிரிச்சார். சிரிச்சுச் சிரிச்சே கண்ணத் துடைச்சார். உறைப்பாம்… நாங்களும் ஓம் உறைப்புத்தான் எண்டம்.

இப்ப நான் கொழும்பில. மகள் மரக்கறி மட்டுமாம், மகனுக்குக் கோழி இல்லாட்டி சோறில்ல, புருஷனுக்கு டயட். கிழமை மெனு வாட்ஸ்அப்ல போகுது. ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு போன். சண்டையுமில்ல, ஒரு கரைச்சலும் இல்ல. ஒருத்தர்ட தட்டுக்குள்ள ஒருத்தர் கை வெக்கிறதுமில்ல.

வாப்பா மௌத்தாகி இப்ப கொஞ்சக் காலம். போன வெள்ளி ராத்தாக்குக் கோல் எடுத்தன். கத்தரிக்காய் பொரிச்சு, சஹன் வெச்சு, அப்பதான் திண்டு முடிஞ்சிருக்காங்க. உம்மா இப்பவும் பெரிய துண்ட வாப்பாட பக்கம்தான் தள்ளுறாவாம்.

"அங்க ஆருமில்லையே ராத்தா" எண்டன்.

"நானும் அதத்தான் கேட்டன்" எண்டா ராத்தா. "கை தன்னால போகுதாம்."