ஸ்பீக்கர் காந்தம்

உத்திரமேரூரில் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. மூளையில் இருக்கும் சர்க்கரையைக் காந்த ஸ்கேனில் அளக்கும் ஓர் ஆய்வுக்காகச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். மனைவி கலாவோடு போனேன்.

"கண்ணுல எப்பவாச்சும் இரும்புத்தூள் பட்டிருக்கா?" என்று டெக்னீஷியன் கேட்டார். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, "இல்ல சார்" என்றேன். வாட்ச், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஸ்கேன் அறை வாசலில் நின்றேன். உள்ளே இயந்திரம் தட்தட்டென்று தட்டிக்கொண்டிருந்தது.

கதவில் இருந்த காந்த எச்சரிக்கைப் படத்தைப் பார்த்த கலா சட்டென்று எழுந்தாள். "இன்னாயா, கிரைண்டிங் பண்ணசொல்லோ கண்ணுல பூந்த தூள ஸ்பீக்கர் காந்தம் வச்சிதான எடுத்தாங்க? அத்த சொன்னியா?"

டெக்னீஷியன் முகம் மாறியது. கதவைச் சாத்திவிட்டு என்னை எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். வலது கண்ணின் பின்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

"காந்தத்துக்கு வராம தங்கிப்போன இரும்புத்தூள் இது. நீங்க ஸ்கேன் ரூமுக்குள்ள போயிருந்தா இது நகர்ந்திருக்கும். பார்வையே போயிருக்கும்" என்றார்.

இப்போது பட்டறையில் கண்ணாடி போடாமல் யாரும் கிரைண்டரைத் தொடக்கூடாது. தூள் விழுந்தால் நேராகக் கண் டாக்டரிடம்தான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கேட்பதற்கு முன்பே என் வலது கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எடுப்பது ஆபத்து என்று டாக்டர் சொன்னதால், அந்தத் துகள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.