சங்கு ஊதியபோது எடுத்த முயல் படம்

நான் படித்தது ஐந்தாவதுதான். ஆனாலும் கோலார் தங்கவயலில் பாதிக் கல்யாணங்களுக்கு என் கேமராதான் சாட்சி. என் பேரன், போனில் தன் முயலை விதவிதமாக எடுத்துவிட்டு ஒன்றுகூட உருப்படியாக இல்லையென்று மூக்கால் அழுகிறான். முயலைப் படம் பிடிக்கும் எரிச்சல் எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம்.

அப்போது மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருந்தோம். சிநேகிதன் வீட்டு முயல் கூட்டத்திலிருந்து ஒரு வெள்ளை முயலைக் கொண்டுவந்து கொல்லையில் ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தேன். அம்மாவுக்கு அந்த நாட்களில் எந்த வாடையும் ஆகவில்லை. வாந்தி எடுத்தபடி படுத்தே கிடந்தாள், கொல்லைப் பக்கம் வருவதே இல்லை. அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கெழம வரிக்கும்தான்டா. அப்புறம் கொழம்புதான்."

அம்மாவின் தம்பி, என் மாமா, போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். மைசூர் மைன்ஸ் அதிகாரியின் பங்களா அம்மாவுக்கு முயல் என்றால் உயிராம். முயலோடு போனால் வாட்ச்மேன் உள்ளே விடமாட்டான். நல்ல படமாகக் காட்டினால் அந்த அம்மாவே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வார் என்றார் மாமா. ஃபிலிமில் இரண்டு படத்துக்குத்தான் இடம் இருந்தது.

சுண்ணாம்புச் சுவர் முன்னால் முயலை உட்காரவைத்தேன். கேமராவில் பார்த்த மாமா, "இன்னா மாப்ள, செவுத்துக்கு கண்ணு மொளச்சிருக்குது?" என்றார். ஓடிப்போய் அப்பாவின் கறுப்புக் கம்பளியைப் பின்னால் தொங்கவிட்டேன். மாமா தரையில் குப்புறப் படுத்தார். முயல் முதுகைக் காட்டியது. திருப்பினால் காதை மடக்கிக்கொண்டது. சுரங்கத்தில் ஷிப்டு சங்கு ஊதினால் அதன் காது நட்டுக்கொள்ளும் என்று கண்டுபிடித்தவன் நான்தான், மாமா இல்லை. காத்திருந்தோம். சங்கு ஊதியது. காது நின்றது. அந்த நேரம் பார்த்து முயல் தன் நெஞ்சு முடியையே பிடுங்கி, வைக்கோலோடு சேர்த்து வாய் நிறைய வைத்துக்கொண்டது. மாமா பொத்தானை அழுத்திவிட்டார்.

"சனியனே! சொறி முயலுன்னு தொரத்திடுவாங்கடா!"

அடுத்த படத்துக்கு அதன் வாயைப் பிடித்தேன். படத்தில் என் கைதான் விழுந்தது.

சாயங்காலம் மாமா ஸ்டுடியோவில் படத்தைக் கழுவிக் கொண்டுவந்ததைப் பார்த்து அப்பா சிரித்தார். "இதுக்கு ஃபிலிமு வேற கேடா?"

அம்மா கையை நீட்டி வாங்கினாள். வாயில் முடியோடு இருந்த அந்தக் கேவலமான படத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கொல்லைக்குப் போய், முயல் பெட்டியில் தன் பழைய சேலையைக் கிழித்துப் போட்டாள். "இன்னாங்க, இது எங்கியும் போவ வேணாம். கொழம்பும் வேணாம்."

அப்பா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

நான் எடுக்கச் சொன்ன படம் அவ்வளவு ஜோர் என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குட்டி போடப்போகும் முயல் தன் முடியைப் பிடுங்கித்தான் படுக்கை போடும் என்பதும், வாடை ஆகாமல் கிடந்த அம்மாவின் வயிற்றில் என் தங்கை இருந்தாள் என்பதும் எனக்கு எங்கே தெரிந்தது!