கூறையும் கூரையும்

போன வருடம் ஆவணியில் என் தங்கையின் திருமணம் யாழ்ப்பாணத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீடு கொழும்புத்துறை. நாங்கள் கொழும்பில் வளர்ந்தவர்கள். மறுநாள், மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த கூறைச்சேலையோடு படம் எடுக்க, வலிகாமத்தின் வடக்குக் கரையிலிருக்கும் ஒரு பழைய மாதா கோயிலுக்குப் படப்பிடிப்பாளர் எங்களைக் கூட்டிப்போனார். போரில் இடிந்த கோயில். பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டிவிட்டு, இதை நினைவுக்காக அப்படியே விட்டிருக்கிறார்கள். சுவரெல்லாம் துப்பாக்கிச் சன்னம் பாய்ந்த ஓட்டைகள், பீடம் இருந்த இடத்தில் வெயில். படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பொய் சொல்வானேன்.

உள்ளே வயதான ஒரு பெண், தரையில் மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, படத்திலை விழுறியள். கொஞ்சம் அங்காலை இருக்கிறியளோ?" என்றார் படப்பிடிப்பாளர்.

அந்த அம்மா திரியை அணைத்து எடுத்துக்கொண்டு, குடையோடு நின்ற என் பக்கத்தில் வந்து நின்றார். தங்கையையே பார்த்தார்.

"கூறை நல்ல வடிவு."

நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே வெறும் ஆகாயம். என் காதுக்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான். அதற்காக மாப்பிள்ளை வீட்டில் என்னைக் கேலி செய்யாதவர் இல்லை. இவருக்கு ஏதோ குழப்பம் என்று நினைத்து, "கூரை எங்க அம்மா இருக்கு, எல்லாம் இடிஞ்சு போச்சே" என்றேன்.

"நான் சீலையைச் சொன்னனான் பிள்ளை." குரலில் கோபமே இல்லை. பிறகு அவரே சொன்னார். "ஆனா இந்தக் கூரை விழேக்கைதான் என்ரை கூறையும் போனது."

ஷெல்லடிக்குப் பயந்து ஊரே இதற்குள் வந்து இருந்ததாம். கூரை விழுந்ததில் அவருடைய கணவர் போய்விட்டார். சவப்பெட்டிக்கு வழியில்லை, போர்த்த ஒரு வெள்ளைத் துணியும் இல்லை. வீட்டைவிட்டு ஓடிவரும்போது பையில் எடுத்துவந்த கல்யாணக் கூறையால் சுற்றி, கடற்கரை மணலில் அவசரமாக அடக்கம் செய்திருக்கிறார்கள். பிறகு இடப்பெயர்வு. பல வருடம் கழித்து இராணுவம் திரும்ப ஊருக்குள் விட்டபோது புதைத்த இடத்துக்கு அடையாளமே இல்லை.

"அதாலை, அவர் விழுந்த இடத்திலை கொளுத்துறனான்."

எங்கள் படத்துக்காக அவரை எழுப்பியது அந்த இடத்திலிருந்துதான்.

தங்கையிடம் போய்ச் சொன்னேன். அவள் வந்து, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அதே இடத்தில் அவரோடு தரையில் உட்கார்ந்தாள்.

"எழும்பு பிள்ளை, கூறை ஊத்தையாப் போகும்."

அவள் எழும்பவில்லை. கடற்காற்றுக்குத் திரி அணைந்து அணைந்து போனது. கூறையின் தலைப்பை விரித்து மறைவாகப் பிடித்தாள். பிறகுதான் சுடர் நின்றது. அந்த அம்மா அதுவரை அழவில்லை, அப்போது அழுதார். படப்பிடிப்பாளர் கமராவைத் தூக்கவேயில்லை.

அந்த இடத்துப் படம் ஒன்றுகூட எங்கள் ஆல்பத்தில் இல்லை. இரண்டு சொல்லும் இப்போது எனக்குப் பிழையில்லாமல் வாயில் வருகின்றன. ஆனால் எதைச் சொன்னாலும் மற்றதும் கூடவே வந்துவிடுகிறது.