இரண்டு கப்பலும் ஒரு கிரில் சாவியும்

தீப்பிடித்தால் எப்படி ஓடுவது என்று சொல்லிக்கொடுக்கிற வேலை என்னுடையது; தீப்பிடிக்காத வரைக்கும் இந்தத் தொழிலில் இருப்பவரை ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள்.

காலையில் வயிறு நிறைய நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு, ஏர்கோன் அறையில் உட்கார்ந்து, முன்னால் ஒரு பொம்பளை சிவப்பு உருளையைத் தூக்கிக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டே கண் சொருகிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தப் பொம்பளை நான்தான். உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. தூங்குகிறவர்களைப் பார்த்துப் பேசுகிறவளுக்கும் தூக்கம் வரும், ஆனால் அவள் நின்றுகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கோலாலம்பூருக்கு வடக்கே ராவாங்கில் ஒரு சின்னப் பயிற்சிக் கம்பெனியில் இருக்கிறேன். சுங்கை சோ தொழிற்சாலை, ஈஜோக் பக்கத்துத் தோட்டம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். தூக்கத்தை விரட்ட நான் கண்டுபிடித்த வைத்தியம் இரண்டு கப்பல்கள். ஒன்று தண்ணீரில் போனது, இன்னொன்று ஆகாயத்தில் போனது. அதனால் எனக்கு டைட்டானிக் டீச்சர் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மெதுவாக மூழ்கியது, சட்டென்று எரிந்தது

டைட்டானிக்கைச் சொல்ல வேண்டியதே இல்லை, எல்லாருக்கும் தெரியும். ஹிண்டன்பர்க் என்றால்தான் முழிப்பார்கள். அது விமானமும் இல்லை, பலூனும் இல்லை. பெரிய கப்பல் நீளத்துக்கு ஒரு ராட்சத உருளை, உள்ளே பொசுக்கென்று பற்றிக்கொள்ளும் வாயு, அடிவயிற்றில் பயணிகளுக்கு அறை, சாப்பாட்டு மேசை எல்லாம். தரை இறங்கப்போன நேரத்தில் பற்றிக்கொண்டது.

ஈஜோக்கில் ஒரு தோட்டத்து மண்டபத்தில் கேட்டேன். "தண்ணீர்க் கப்பல் மூழ்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆச்சு. ஆகாயக் கப்பல் ஒரு நிமிஷத்துக்குள்ளே எரிஞ்சு முடிஞ்சது. எதில் இருந்தவங்க அதிகம் தப்பிச்சாங்க?" மண்டபமே "டைட்டானிக்" என்றது. இல்லை. தண்ணீர்க் கப்பலில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் பிழைத்தார். ஆகாயக் கப்பலில் மூன்றில் இருவர்.

ஏன் என்று விளக்கினேன். டைட்டானிக்கில் நேரம் இருந்தது, போதுமான படகு இல்லை. இருந்த படகிலும் முதலில் ஏற ஆள் வரவில்லை. இவ்வளவு பெரிய கப்பலை விட்டு அந்தச் சின்னப் படகில் யார் ஏறுவார்கள் என்று நின்றுவிட்டார்கள். ஹிண்டன்பர்க்கில் நேரமே இல்லை, ஆனால் தரை பக்கத்தில் இருந்தது. ஜன்னல் வழியாகக் குதித்தார்கள், கீழே நின்றவர்கள் ஓடிவந்து இழுத்தார்கள். ஆக, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைவிட வழி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். ரொம்பப் பெருமையோடு முடித்தேன். பின்வரிசையில் வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் ஒருவர், அதுவரை கண் மூடியே இருந்தவர், கையைத் தூக்கினார்.

"அப்போ எரியறதா இருந்தா சீக்கிரமா எரியறதுதான் நல்லதுன்றீங்க, அப்படித்தானே டீச்சர்?"

வாளிக் கதவு

சுங்கை சோவில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலை ஒன்று. அவசரக் கதவைக் காட்டுங்கள் என்றேன். மேற்பார்வையாளர் கோபால் தம்பி நல்ல பிள்ளை, உடனே கூட்டிக்கொண்டு போனார். கதவைக் காணோம். வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். வாளிக்குப் பின்னால் வாளி, அதற்கும் பின்னால் பச்சை வெளிச்சத்தில் ஓடுகிற மனிதன் படம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பாவம், அவனுக்கும் வழி இல்லை.

தீ வந்தால் இதை யார் நகர்த்துவது என்று கேட்டேன். தம்பி வாளி அடுக்கைக் கூரை வரைக்கும் அண்ணாந்து பார்த்தார்.

"முன்னாடியே ஒரு போன் போட்டுச் சொன்னா எடுத்து வச்சிடுவோம் லா, டீச்சர்."

மீன் கறியும் சைரனும்

வாளியெல்லாம் எடுக்க வைத்து, அடுத்த வாரமே அங்கே ஒத்திகை நடத்தினேன். சைரன் அடித்தது. ஓடினார்கள், சும்மா சொல்லக்கூடாது, எல்லாரும் ஓடினார்கள். ஆனால் வெளியே இல்லை, லாக்கர் பக்கம். கைப்பை, குடை, சாப்பாட்டுப் பாத்திரம். ஒரு அக்காவை நிறுத்திக் கேட்டதற்கு, நேற்று வைத்த மீன் கறி என்றார். இன்றைக்குத்தான் ருசியாக இருக்குமாம். பாத்திரத்தோடேயே அவரை வெளியே அனுப்பினேன், ஏனென்றால் அது உண்மை.

அங்கே வேலை செய்யும் சரஸ்வதி மட்டும் எதையும் எடுக்கவில்லை. திடலில் ஓர் ஓரமாக நின்று வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீடு பத்தாங் பெர்ஜுந்தாயில். கணவர் முனியாண்டி அண்ணன், தோட்டத்தில் லோரி ஓட்டியவர். சர்க்கரையில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள், இப்போது சக்கர நாற்காலி. அந்த வரிசையில் இரண்டு வீட்டில் திருடன் புகுந்ததிலிருந்து, வேலைக்குக் கிளம்பும்போது அவரை உள்ளே வைத்து கிரில் கதவைப் பூட்டிவிட்டு வருகிறாளாம். அங்கிருந்து தொழிற்சாலைக்குப் பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டுவிட்டாள்.

"இங்க இருக்கிறவங்களுக்கு வழி காட்டிட்டீங்க. நான் பூட்டி வச்சிட்டு வந்திருக்கிற ஆளுக்கு எது டீச்சர் படகு?"

சாவி சாமியிடம்

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்கே போனேன். முனியாண்டி அண்ணன் கிண்டல்காரர். "வாங்க டைட்டானிக் டீச்சர், இந்த வீடு மூழ்காது, மழை வந்தா ஒழுகும், அவ்வளவுதான்" என்று வரவேற்றார். இன்னொரு சாவி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்று இருவரும் ஒரே குரலில் சொல்லி ஒரே திசையைக் காட்டினார்கள். சாமி மேடை.

நம் வீடுகளில் முக்கியமானது எதுவானாலும் அங்கேதான் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அடையாளக் கார்டு, பிள்ளை ஜாதகம், கிரில் சாவி, எல்லாம் சாமி பொறுப்பு. இங்கே சாவி முருகன் படத்துக்கு அடியில் ஆணியில் தொங்கியது, உட்கார்ந்திருப்பவர் கை எட்டாத உயரத்தில். சாவிக்கு நேர் கீழே காமாட்சி விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பாட்டில், கற்பூரப் பெட்டி, காய்ந்த மாலை, நைலான் திரை. இந்த வீட்டில் தீ எங்கே தொடங்குமோ அங்கேயே தப்பிக்கும் சாவி. கிரில் கம்பி வழியாகக் கையை விட்டால் வெளிப்பூட்டை உள்ளிருந்தே திறந்துவிடலாம், சாவி மட்டும் அவரிடம் இருந்தால்.

அதைக் கீழே மாட்டுங்கள் என்றேன். சாமியிடமிருந்து எடுக்கக் கூடாது என்று சரஸ்வதி பயந்தாள். அண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தார். ஆகாயக் கப்பல் கதை, தரை பக்கத்தில் இருந்த கதை எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. இல்லாத காலை ஒரு முறை பார்த்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

"எனக்கு எதுக்கு டீச்சர் சாவி? நான் எங்க போகப் போறேன்?"

சாமி இறங்கினார்

அடுத்த மாதம் தொழிற்சாலைக்குப் போனபோது சரஸ்வதி தன் போனில் ஒரு படம் காட்டினாள். கிரில்லுக்குப் பக்கத்துச் சுவர். வெளியிலிருந்து கை எட்டாத, உள்ளே நாற்காலியில் இருப்பவருக்கு எட்டுகிற உயரத்தில், கையகல முருகன் படம் ஒன்று. அதற்கடியில் புது ஆணி. ஆணியில் சாவி.

நான் பக்கம் பக்கமாகப் பேசியும் நகராத சாவியை அவள் இரண்டு ஆணியில் முடித்துவிட்டாள். அண்ணன் ஒத்துக்கொண்டாரா என்று கேட்டேன். மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாராம். நாலாம் நாள் சாவியை எடுத்துப் பூட்டில் போட்டுப் பார்த்தாராம், துரு இருக்கிறது, எண்ணெய் விடு என்றாராம். சாமிக்கு ஒன்றும் கோபம் இல்லையா என்று நான் சீண்டினேன்.

"மலையை விட்டே இறங்கி வர்ற சாமி டீச்சர், ஒரு சுவர்ல இறங்க மாட்டாரா?"

வெள்ளிக்கிழமை

சில வாரம் கழித்து, அன்றைக்கும் அதே தொழிற்சாலையில்தான் இருந்தேன். சரியாக ஆகாயக் கப்பல் பற்றிக்கொள்ளும் இடத்துக்கு வந்திருந்தேன், சரஸ்வதி போனும் கையுமாக எழுந்து நின்றாள். கூப்பிட்டது பக்கத்து வீட்டுப் பெண். அவளும் பகலில் வேலைக்குப் போகிறவள், அன்று லீவு. ஜன்னலில் புகை வருகிறது, கிரில் பூட்டியிருக்கிறது, கூப்பிட்டால் அண்ணன் பதில் சொல்லவில்லை, தீயணைக்கிற பொம்பாவுக்குச் சொல்லியாயிற்று என்றாள். அன்று காலை விளக்கேற்றி வைத்துவிட்டுத்தான் சரஸ்வதி வேலைக்கு வந்திருந்தாள்.

என் காரில் கிளம்பினோம். முனியாண்டி அண்ணன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வழியெல்லாம் எண்ணெய்ப்பனை, முன்னால் குலை ஏற்றிய லோரி, முந்த முடியவில்லை. சரஸ்வதி அழவில்லை. "ஒரு நிமிஷத்துக்குள்ளன்னு சொன்னீங்களே டீச்சர்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். எத்தனை மண்டபத்தில் அந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அது என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது.

போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி நின்றது. கிரில்லை வெட்டியிருந்தார்கள். சாமி மேடையும் திரையும் சோபாவும் கரியாகிவிட்டன, கூரை தப்பித்தது. வீரர் ஒருவர் வெளியே வந்து, உள்ளே யாருமில்லை என்று மலாயில் சொன்னார். சரஸ்வதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளால் அதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

அப்போதுதான் மெயின் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்தது. முனையைத் தாண்டி இருக்கும் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், தீ என்று அப்போதுதான் கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள். நடுவில் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு, "யார் வீடுப்பா?" என்று விசாரித்தபடி முனியாண்டி அண்ணன். சட்டைப் பையில் கிரில் சாவி. போனை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். கேட்டால், பூட்டுக்கு எண்ணெய் விட்ட மறுநாளிலிருந்தே இதுதான் நடக்கிறதாம். அவள் பேருந்து கிளம்பியதும் திறந்து, கிளினிக்குப் போய்வர வாசலில் போட்ட சிமெண்டுச் சரிவில் இறங்கி, வெளியே பூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவாராம், பேருந்து திரும்புவதற்குள் வீட்டுக்கு வந்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிடுவாராம்.

சரஸ்வதி எழுந்து போய் அவர் தோளில் நாலு அடி அடித்தாள். அடித்த கையாலேயே கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நீங்க வீட்ல இருந்திருந்தா விளக்கை அணைச்சிருக்கலாம்ல" என்று அழுதாள். இருந்திருந்தால் அந்தப் புகையில் என்ன ஆகியிருக்கும் என்று வீரர் முகமே சொன்னது. அண்ணன் கரிந்த வீட்டையும் அழுகிற மனைவியையும் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், உங்க ரெண்டு கப்பல்லயும் நான் ஏறவே இல்ல."

இப்போதெல்லாம் என் பயிற்சியில் இரண்டு கப்பலுக்குப் பிறகு ஒரு சக்கர நாற்காலியும் வருகிறது, பயணி ஒருவர், பிழைத்தவர் ஒருவர், அந்தக் கதைக்கு மட்டும் இதுவரை யாரும் தூங்கியதில்லை.